'ஃபோல் பாக்': பின்வாங்கலைக் குறிக்கும் ஓர் ஆங்கிலக் கூட்டுவினை

தோற்றுவாய்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு அம்மொழியின் நெடுஞ்சொற்கள் அத்துணை இடர் விளைப்பதில்லை. நான்கைந்து அசைகள் கொண்ட சொல்லொன்றைக் கண்டால் அகராதியைப் புரட்டுகின்றனர். பொருளை அறிந்து கொள்ளுகின்றனர். இடர் விளைப்பன சிறு சொற்களே. 'ஃபோல்' என்றால் விழு, 'பாக்' என்றால் பின் என்பது கீழ்வகுப்புச் சிறுவனுக்கும் தெரியும். இரண்டும் தெரிந்த சொற்கள் என்பதனாலேயே அகராதியை நாடாது, 'பின்னால் விழுந்தான்' என்று எழுதிவிட்டு மேலே செல்கின்றனர். படையொன்று ஆற்றங்கரை வரை பின்வாங்கிற்று என்னும் செய்தி, படைவீரர் அனைவரும் மல்லாந்து விழுந்தனர் என்று மாறிவிடுகின்றது.

இவ்விடர் எல்லா மாணவர்க்கும் பொதுவாயினும், கரடியனாறு போன்ற படுவான்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்குச் சற்று மிகுதி. நகரத்துப் பிள்ளை ஆங்கிலத்தைக் கடையிலும் அலுவலகத்திலும் ஓரளவு கேட்டுப் பழகிக் கொள்ளும். வயலும் காடும் சூழ்ந்த ஊர்ப் பிள்ளைக்கோ பாடப் புத்தகமே பெரும்பாலும் துணை. கேள்வியால் வரும் மொழிப்பழக்கத்தைப் படிப்பினாலேயே ஈட்ட வேண்டியவர்க்கு, இத்தகைய சொற்களை முறைப்படுத்தி விளக்குதல் ஆசிரியர் கடன். அக்கடனில் ஒரு சிறு பகுதியை இம்மலரின் வாயிலாகத் தீர்க்க முயல்வோம். எடுத்துக்காட்டுகளையும் இயன்ற அளவு நம் வாவிக்கரை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்வோம்.

கூட்டுவினையின் அமைப்பு

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு 'பாக்', 'அவுட்', 'டவுன்', 'ஓஃப்' முதலிய சிறு இடைச்சொற்களுள் ஒன்று கூடி, அவ்விரண்டின் தனிப்பொருளினின்றும் வேறான ஒரு புதுப்பொருளைத் தருதல் உண்டு. இதனைக் கூட்டுவினை என வழங்குவோம். தமிழர்க்கு இஃது அயலான செய்தியன்று. 'கைவிடு' என்னும் சொல்லில் கையும் இல்லை, விடுதலும் இல்லை. துறத்தல் என்னும் பொருளே உளது. 'முன்வா' என்பது நடந்து முன்னே வருவதையன்றி ஒரு செயலுக்கு இசைவதைக் குறிக்கின்றது. 'தலைப்படு', 'மேற்கொள்', 'புறங்காட்டு' என்பனவும் அத்தகையன. நம் மொழியில் துணைச்சொல் வினைக்கு முன் நிற்கும். ஆங்கிலத்தில் வினைக்குப் பின் நிற்கும். வேறுபாடு இவ்வளவே.

'ஃபோல் பாக்' என்பதன் வடிவங்கள் வருமாறு: நிகழ்காலத்தில் 'ஃபோல் பாக்', இறந்தகாலத்தில் 'ஃபெல் பாக்', முற்றெச்ச வடிவில் 'ஃபோலன் பாக்', தொடர்வடிவில் 'ஃபோலிங் பாக்'. உச்சரிக்குமிடத்து அழுத்தம் 'பாக்' என்னும் இறுதிச்சொல்லின் மேல் விழும். இரண்டையும் ஒன்றாக இணைத்து 'ஃபோல்பாக்' எனப் பெயர்ச்சொல்லாக வழங்கும்போது அழுத்தம் முன்னுள்ள 'ஃபோல்' என்பதற்கு மாறும். பேச்சில் இவ்வேறுபாடு கவனிக்கத்தக்கது.

இது செயப்படுபொருள் குன்றிய வினை. படை தானே பின்வாங்கும். தளபதி படையை 'ஃபோல் பாக்' செய்ய இயலாது. 'த ஜெனரல் ஃபெல் பாக் ஹிஸ் மென்' என்பது வழு. 'த ஜெனரல் புல்ட் பாக் ஹிஸ் மென்' என்பதே சரி. இதே காரணத்தால் பின்வாங்கல் என்னும் பொருளில் இவ்வினைக்குச் செயப்பாட்டு வடிவமும் இல்லை.

'வாங்கு' என்னும் தமிழ்ச்சொல்

'ஃபோல் பாக்' என்பதற்கு நாம் முதலில் நினைக்கும் தமிழ்ச்சொல் 'பின்வாங்கு' என்பதாகும். இத்தமிழ்ச்சொல்லையே நம்முள் பலர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. காசு கொடுத்து வாங்குவதற்கும் போர்க்களத்தில் பின்வாங்குவதற்கும் என்ன தொடர்பு?

பழந்தமிழில் 'வாங்கு' என்பதற்கு வளைத்தல், இழுத்தல், உள்ளொடுங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. வில்லை வாங்குதல் என்றால் நாணை இழுத்து வில்லை வளைத்தல். கையை வாங்குதல் என்றால் நீட்டிய கையை இழுத்துக் கொள்ளுதல். கடல் உள்வாங்குதல் என்னும் தொடர், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், நம் கரையோர மக்களில் எழுத்தறியாதாரும் வழங்கும் தொடராயிற்று. ஆகவே, பின்வாங்குதல் என்பது தன்னைத் தானே பின்னே இழுத்துக் கொள்ளுதல்.

இப்பொருளுக்கு நேர் நிற்கும் ஆங்கிலச்சொல் 'ட்ரோ பாக்' என்பதே. 'ட்ரோ' என்றால் இழு. வில்லை வாங்குதற்கும் ஆங்கிலர் 'ட்ரோ' என்றே கூறுவர். 'வித்ட்ரோ' என்னும் சொல்லிலும் அதே இழுத்தல் உளது. 'ரிட்ரீட்' என்னும் சொல்லோ இலத்தீன் மொழியில் பின்னிழுத்தலைக் குறித்த ஒரு வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழும் ஆங்கிலமும் இலத்தீனும் பின்வாங்கலை ஓர் இழுப்பாகவே கண்டுள்ளமை வியக்கத்தக்கது.

'ஃபோல் பாக்' என்பதில் இழுத்தல் இல்லை, விழுதல் உளது. இழுத்தலில் செய்வோனின் விருப்பம் தோன்றும். விழுதலில் வெளியிலிருந்து வரும் அழுத்தம் தோன்றும். எதிரியின் வலிமை, பசி, குண்டுமழை, வெள்ளம் என ஏதோ ஒன்று முன்னின்று தள்ள, அதற்கு இடங்கொடுத்துப் பின்னே செல்லுதலே 'ஃபோல் பாக்'. ஆயினும் இது சிதறி ஓடுதல் ஆகாது. பின்னே சென்றவர் ஓரிடத்தில் நிலைகொள்வர் என்பதும், அங்கிருந்து மீண்டும் எதிர்ப்பர் அல்லது தாங்கி நிற்பர் என்பதும் இச்சொல்லின் உட்கிடை. விழுந்தும் நிலைகுலையாமை என இதன் பொருளைச் சுருக்கிக் கூறலாம்.

முதற்பொருள்: படையின் பின்வாங்கல்

இச்சொல்லின் நுட்பத்தை அறிய 1638ஆம் ஆண்டின் வரலாறு பெரிதும் பயன்படும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெலோ பெரும்படையுடன் கண்டி நகரினுள் புகுந்தான். நகரம் வெறுமையாய்க் கிடந்தது. இரண்டாம் இராசசிங்க மன்னன் தன் படையுடன் முன்னரே அகன்றிருந்தான். கண்டி மன்னர் பலரும் கையாண்ட உத்தி இது. இங்கே, 'த கிங் ஃபெல் பாக்' என்பது மிகப் பொருந்தும். பகைவர் வலிமைக்கு இடங்கொடுத்தான். ஆனால் படை குலையவில்லை.

வெறும் நகருக்குத் தீயிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயரைக் கண்டிப்படை மார்ச்சு 28ஆம் நாள் கன்னொறுவையில் வளைத்துக் கொண்டது. தளபதி மாண்டான், அவன் படை அழிந்தது. போர்த்துக்கேயர் செய்யத் தொடங்கியது 'ரிட்ரீட்'. அஃது இறுதி நிலையை எட்டும் முன்னரே அறுக்கப்பட்டது. அவர்களைப் பற்றி 'ஃபெல் பாக்' என்று எழுதுதல் பொருந்தாது. அவர்கள் போய்ச் சேர்ந்து நிலைகொண்ட இடம் எதுவும் இல்லை.

அதே ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஒல்லாந்தரும் கண்டி மன்னனும் சேர்ந்து முற்றுகையிட்ட மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் ஒப்படைத்தனர். இங்கே பின்வாங்கலே இல்லை. நாற்புறமும் சூழப்பட்டோர் எங்கே பின்வாங்குவது? இதனைக் குறிப்பது 'கிவ் இன்', அதாவது அடிபணிதல். மூன்று மாதங்களுள் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள். மூன்றுக்கும் மூன்று வினைகள். மூன்றையும் 'பின்வாங்கினர்' என்று எழுதும் மாணவன் வரலாற்றையே மாற்றிவிடுகின்றான்.

இரண்டாம் உலகப்போரில் நம் கடற்கரை கண்ட நிகழ்ச்சியொன்றும் நோக்கத்தக்கது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இருந்தோருள் 307 பேர் உயிரிழந்தனர். துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' என்பதும் மூழ்கிற்று. அட்மிரல் சோமர்வில் தம் கீழிருந்த கடற்படையின் பழைய போர்க்கப்பல்களைக் கிழக்காபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினித் துறைமுகத்துக்கு அனுப்பினார். அக்கப்பல்களைப் பற்றி 'ஃபெல் பாக் டு கிலிந்தினி' என எழுதலாம். அவர் எதிரியை நேரே எதிர்த்துத் தளராமல், வருவதை முன்னறிந்து தம் கருத்தினால் செய்தார் என்று உணர்த்த விரும்புவோர் 'வித்ட்ரூ' என்று எழுதுவர். இரண்டும் வழுவல்ல. எழுதுவோன் எதனை அழுத்திக் கூற விரும்புகின்றான் என்பதே தேர்வை முடிவு செய்யும்.

பின்வாங்கலைத் தமிழிலக்கியம் எங்ஙனம் கண்டது என்பதையும் இவ்விடத்தில் நினைவு கூர்தல் நன்று. புறமுதுகிடுதலைப் பழந்தமிழர் பெரும்பழியாகக் கருதினர் என்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். அதே மரபு, புறங்கொடுத்து ஓடுவோர்மேல் படைக்கலம் ஓச்சாத பேராண்மையைத் 'தழிஞ்சி' என்னும் துறையாக வகுத்துப் போற்றியும் உள்ளது. வள்ளுவரோ காலமறிதல் அதிகாரத்தில், ஊக்கமுடையவன் காலம் நோக்கி ஒடுங்கியிருத்தலைப் பொருகின்ற ஆட்டுக்கடா பாய்வதற்காகப் பின்னே கால் வாங்குதலோடு ஒப்பிடுகின்றார். புறமுதுகிடுதல் வேறு, கடா பின்செல்லுதல் வேறு என்னும் தெளிவு நம்முன்னோர்க்கு இருந்தது. 'ஃபோல் பாக்' என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. கடாவைப் போலப் பாய்ந்தே தீரும் என்ற உறுதி அதற்கில்லை. புறமுதுகிட்டான் என்ற பழியும் அதற்கில்லை.

'பாக்' குடும்பத்துப் பிற வினைகள்

'பாக்' என்பதையே வினையாகக் கொண்டு வரும் கூட்டுவினைகள் சில உள. தமிழில் இவை எல்லாவற்றையும் 'பின்வாங்கு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குழப்பத்துக்கு வேர் இதுவே. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

'பாக் அவே': அஞ்சத்தக்க ஒன்றைக் கண்டு, முகத்தை அதன்பால் வைத்தபடியே மெல்லப் பின்செல்லுதல். கரடியனாற்று மாணவர்க்கு இதனை விளக்கப் படம் வேண்டுவதில்லை. ஊர்ப் பெயரிலேயே கரடி இருக்கின்றது. வயலோரத்தில் யானை நடமாட்டமும் உண்டு. அவற்றை எதிர்ப்பட்டவன் முதுகு காட்டி ஓடாமல், கண்ணை எடுக்காமல், அடிமேல் அடி வைத்துப் பின்னே செல்கின்றான் அல்லவா? 'ஹி பாக்ட் அவே ஃப்ரொம் தி எலிபன்ட்' என்பது அது. ஓடியிருந்தால் 'ரான் அவே' ஆகும்.

'பாக் ஓஃப்': நெருக்கிச் சென்றவன் அந்நெருக்கத்தைத் தளர்த்துதல். சண்டைக்கு வந்தவனை நோக்கி 'பாக் ஓஃப்' என்று ஏவலாகக் கூறினால், 'விலகி நில்' என்னும் கடுமை தோன்றும். பெரியோரிடம் கூறத்தக்க சொல் அன்று.

'பாக் டவுன்': தான் கொண்ட கூற்றையோ கோரிக்கையையோ எதிர்ப்பின் முன் கைவிடுதல். இங்கே உடல் நகர்வதில்லை, நிலைப்பாடு இறங்குகின்றது. வேலைநிறுத்தத்தின்போது அமைச்சர் தம் ஆணையை மீளப் பெற்றால் 'த மினிஸ்டர் பாக்ட் டவுன்' என்று செய்தித்தாள் எழுதும். தோல்வியின் சாயல் இதில் உண்டு.

'பாக் அவுட்': கொடுத்த வாக்கிலிருந்தோ செய்த உடன்பாட்டிலிருந்தோ நழுவுதல். இதன்பின் பெயர் வருமாயின் 'ஒஃப்' என்னும் உருபு வேண்டும்: 'ஹி பாக்ட் அவுட் ஒஃப் தி அக்ரிமென்ட்'. வாக்குத் தவறியவன் என்னும் குறை இச்சொல்லில் ஒட்டியிருக்கின்றது.

'பாக் அப்': நீரைப் பற்றி வழங்குங்கால் இது பின்வாங்கலைக் குறிப்பதன்று. மாரிகாலத்தில் முகத்துவாரத்தின் மணல்மேடு மூடிக்கிடக்க, ஆறுகள் கொணரும் வெள்ளம் வாவியில் தேங்கிப் படுவான்கரை வயல்களுள் ஏறுகின்றது. 'த வோட்டர் பாக்ட் அப்' என்பது அந்நிலை. ஆற்றுவாய் வெட்டப்பட்டு நீர் வடிந்து இறங்குதலுக்கு 'ஃபோல்', 'ரிசீட்' முதலியன பொருந்தும். 'பாக்' என்ற ஒலியைக் கண்டே பின்வாங்கல் எனக் கொள்வோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

இவற்றோடு 'ஃபோல் பிஹைன்ட்' என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க. உடன் சென்றோர் முன்னேற, ஒருவன் பிந்திவிடுதலே அது. பாடத்தில் பின்தங்குதல், கடன் தவணை செலுத்தப் பிந்துதல் ஆகிய இரண்டுக்கும் அச்சொல் உரியது.

இரண்டாம் பொருள்: 'ஃபோல் பாக் ஒன்'

'ஃபோல் பாக்' என்பதனோடு 'ஒன்' என்னும் உருபு சேர்ந்ததும் பொருள் வேறொரு திசையில் வளர்கின்றது. முன்னணியில் நிற்க முடியாத படை, பின்னே சேமித்து வைத்த உணவும் துணைப்படையும் உள்ள இடத்தைச் சென்று சார்கின்றது. அச்சார்தலே இங்கு முதன்மை பெறுகின்றது. ஆகவே, நம்பிய வழி அடைபட்டபோது முன்னரே கையில் உள்ள ஒன்றைத் துணையாகக் கொள்ளுதல் என்பதே 'ஃபோல் பாக் ஒன்' ஆகும். 'ஒன்' என்பதற்குப் பதிலாக 'அப்பொன்' என்று எழுதுவது சற்றுப் பழைய, முறைசார்ந்த நடை.

இச்சொல்லின் உயிர்நிலை 'முன்னரே கையில் உள்ளது' என்பதாகும். மழை பொய்த்து மாரிப்போகம் கெட்டால் உழவர் குடும்பம் என் செய்யும்? பட்டியில் மாடு இருந்தால் அதனை நம்பும். சேனைப்பயிர் இருந்தால் அதனை நம்பும். பெண்களின் நகை இருந்தால் அடகுக்கடையை நாடும். இவை யாவும் 'ஃபோல் பாக் ஒன்' என்பதற்கு உரிய பொருள்கள். அயலானிடம் புதிதாகக் கடன் பெறுதல் இச்சொல்லுக்கு அத்துணைப் பொருந்தாது; அது முன்னரே தன்னிடம் இருந்ததன்று. விதைநெல்லையே உண்ணும் நிலை வந்தால், ஆங்கிலத்தில் 'தே ஹாட் நத்திங் டு ஃபோல் பாக் ஒன்' என்பர். சாய்வதற்குச் சுவரும் இல்லை என்னும் நம் வழக்குப் போன்றது அத்தொடர்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தில் தென்னையையும் வீட்டையும் பயிரையும் ஒருங்கே சாய்த்தது. ஒரு பயிர் கெட்டால் மற்றொன்றைச் சாரலாம். எல்லாம் ஒரே இரவில் போனால் சார எதுவும் எஞ்சாது. வறுமைக்கும் நிர்க்கதிக்கும் உள்ள வேறுபாட்டை இச்சிறு கூட்டுவினை நன்கு காட்டுகின்றது. வறியவனுக்குச் சிறிதாயினும் சார ஒன்று உண்டு. நிர்க்கதியானவனுக்கு அதுவும் இல்லை.

இதிலிருந்தே 'ஃபோல்பாக்' என்னும் பெயர்ச்சொல் பிறந்தது. முதல் திட்டம் நிறைவேறாவிடின் கைக்கொள்ளும் மாற்றுவழி என்பது அதன் பொருள். பேச்சுவார்த்தைக்குச் செல்வோர், முதற்கோரிக்கை மறுக்கப்பட்டால் எதுவரை இறங்கி வரலாம் என்று முன்கூட்டியே வகுத்துக் கொள்ளும் எல்லையை 'ஃபோல்பாக் பொசிஷன்' என்பர்.

உருபுகளும் பிற வழக்குகளும்

உருபு மாறின் பொருளும் மாறும். 'ஃபோல் பாக் ஃப்ரொம்' என்றால் ஓரிடத்தை விட்டுப் பின்வாங்குதல். 'ஃபோல் பாக் டு' என்றால் ஓரிடத்தை நோக்கிப் பின்வாங்குதல். 'ஃபோல் பாக் ஒன்' என்றால் ஒன்றைத் துணையாகச் சார்தல். 'ஃபோல் பாக் இன்டு' என்றால் விட்ட பழக்கத்துக்கோ முன்னைய நிலைக்கோ மீண்டும் ஆட்படுதல். குடியை விட்டவன் மறுபடி குடிக்கத் தொடங்குதல் போன்றது.

விலைகளைப் பற்றியும் இவ்வினை வழங்கும். அறுவடைக்கு முன் உயர்ந்திருந்த நெல்விலை, அறுவடை தொடங்கியதும் முன்னைய அளவுக்கு இறங்கினால், 'த ப்ரைஸ் ஃபெல் பாக்' என எழுதலாம். வெறுமனே இறங்கிற்று என்பதைவிட, ஏறியது மீண்டும் இறங்கிற்று என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

அமெரிக்காவிலும் வேறு சில குளிர்நாடுகளிலும் இலையுதிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைப்பர். அமெரிக்க வழக்கில் இலையுதிர்காலத்துக்கும் 'ஃபோல்' என்றே பெயர். ஆதலின் 'ஃபோல் பாக்' என்பதை அங்கே கடிகாரத்துக்குச் சிலேடையாக வழங்குவர். நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மணி முன்னே தள்ளப்பட்ட நேரம், அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணியும், 2006ஆம் ஆண்டு ஏப்ரிலில் எஞ்சிய அரைமணியுமாகப் பின்னே வைக்கப்பட்டது. இலையுதிர்காலம் இல்லாத நமக்கு அச்சிலேடை பயன்படாது. 'புட் பாக்' என்னும் நேர்வினையே போதும்.

நேரான சொற்பொருளில் இவ்விரு சொற்களும் சேர்ந்து வருவதும் உண்டு. களைத்தவன் தலையணையில் சாய்ந்தான் என்பதற்கு 'ஹி ஃபெல் பாக் ஒன் த பிலோ' எனலாம். இங்கே 'ஒன்' வந்திருப்பினும் துணையாகக் கொண்டான் என்பது பொருளன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்க. கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான் என்பதற்கோ 'ஃபெல் பாக்வேர்ட்ஸ்' என்பதே தெளிவு தரும்.

சொற்றேர்வும் நேர்மையும்

இத்துணை நுணுக்கமும் பரீட்சைப் புள்ளிக்காகவே என்று மாணவர் கருதலாகாது. சொல் பிறழ்ந்தால் வழக்குப் பிறழும். சிலவேளை நீதியும் பிறழும்.

ஒரு கமக்காரர் சங்கம், வெள்ளத்தால் விதைப்புத் தடைப்பட்டமையின் ஓர் உடன்பாட்டிலிருந்து விலக விரும்புகின்றது என வைத்துக் கொள்வோம். அதன் சார்பில் ஆங்கிலக் கடிதம் எழுதும் இளைஞன், 'பின்வாங்குகின்றோம்' என்பதற்கு 'பாக் அவுட்' என்று எழுதிவிட்டால், தம் பக்கத்தார் வாக்குத் தவறியவர் என்று அவனே ஒப்புக்கொண்டவன் ஆகின்றான். 'வித்ட்ரோ' என்று எழுதியிருந்தால் அக்குறை நேராது. படித்த ஒருவனின் எழுத்தை நம்பிக் கையொப்பமிடும் ஊராருக்கு அவன் செய்ய வேண்டிய முதல் தொண்டு, சரியான வினையைத் தேர்தலே ஆகும்.

போர்ச்செய்திகளில் இது இன்னும் கூர்மையானது. தோற்றோடியதையும் ஒழுங்கான பின்வாங்கல் என்று அறிக்கை விடுவது உலகமெங்கும் படைத்தலைமைகளின் வழக்கம். 1812ஆம் ஆண்டில் ருஷ்யப்படை நெப்போலியனுக்கு இடங்கொடுத்து மொஸ்கோவுக்கும் அப்பால் சென்றது. அது மெய்யாகவே 'ஃபோல் பாக்'. அவ்வாண்டு ஒக்டோபரில் மொஸ்கோவை விட்டுப் புறப்பட்ட நெப்போலியனின் படையோ குளிரிலும் பசியிலும் கரைந்து சிதைந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும் அறிக்கையை ஐயத்தோடு படிக்க மாணவர் பழகுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது, குடிமக்களைப் பற்றி எழுதும்போது காக்க வேண்டிய எச்சரிக்கை. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரையில் போர் மூண்டபோது, கரடியனாறு உள்ளிட்ட ஊர்களின் மக்கள் வீட்டையும் மாட்டையும் வயலையும் விட்டு வாவி கடந்து எழுவான்கரை வந்தனர். பல்லாயிரவர் கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் தங்கினர். அவர்களைப் பற்றி 'ஃபெல் பாக்' என்று எழுதுதல் பெரும்பிழை. பின்வாங்குதல் போரிடுவோர்க்கு உரிய வினை. அதனைக் குடிமக்கள்மேல் ஏற்றினால், அவர்களும் போரிடுவோருள் ஒருசாரார் என்று சொல் தானே சான்று கூறிவிடும். அவர்களுக்குரிய ஆங்கிலச்சொற்கள் 'ஃபிளெட்', அதாவது உயிர்தப்பி ஓடினர் என்பதும், 'வேர் டிஸ்பிளேஸ்ட்', அதாவது இடம்பெயர்க்கப்பட்டனர் என்பதுமே. இரண்டாவது செயப்பாட்டு வினையாய் இருத்தலை நோக்குக. செய்தோர் வேறு, துன்புற்றோர் வேறு என்பதை இலக்கணமே காத்து நிற்கின்றது.

பயிற்சி

கீழ்வருவனவற்றுக்கு உரிய ஆங்கிலக் கூட்டுவினையை மாணவர் முதலில் தாமே எழுதிப் பார்த்துப் பின்னர் விடையை நோக்குக.

1. காட்டுப்பாதையில் கரடியைக் கண்டவன், அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காது மெல்லப் பின்சென்றான்.
2. வயலைக் குத்தகைக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டவர், விதைப்புக்கு முதல்நாள் நழுவிவிட்டார்.
3. மழை பொய்த்தது, குடும்பம் தன் பட்டிமாடுகளைத் துணையாகக் கொண்டு அவ்வாண்டைக் கடத்தியது.
4. கூட்டத்தில் உரத்து வாதிட்ட தலைவர், கணக்குப் புத்தகம் விரிக்கப்பட்டதும் தம் கூற்றைக் கைவிட்டார்.
5. கடன் தவணை மூன்று மாதம் பிந்திவிட்டது.
6. தளபதி தம் வீரரை ஆற்றுக்கு இப்பால் அழைத்துக் கொண்டார்.
7. குண்டுமழையைத் தாங்காத படை, குலையாமல் இரண்டாம் அரணுக்குச் சென்று நிலைகொண்டது.
8. முகத்துவாரம் மூடிக்கிடந்தமையால் வெள்ளம் தேங்கி வயலுள் ஏறிற்று.

விடைகள்: 1. பாக் அவே. 2. பாக் அவுட். 3. ஃபோல் பாக் ஒன். 4. பாக் டவுன். 5. ஃபோல் பிஹைன்ட். 6. புல் பாக். 7. ஃபோல் பாக். 8. பாக் அப்.

ஆறாம் ஏழாம் வினாக்களை மாறி எழுதியோர், செயப்படுபொருள் பற்றி மேலே கூறியதை மீண்டும் படித்தல் நலம். ஆறாவதில் தளபதி வீரரை அழைத்துக் கொள்கின்றார். ஏழாவதில் படை தானே செல்கின்றது.

முடிவுரை

தாய்மொழியில் தெளிவில்லாதார்க்குப் பிறமொழியில் தெளிவு பிறவாது. 'பின்வாங்கு', 'பின்னிடு', 'பின்தங்கு', 'விலகு', 'ஒதுங்கு', 'நழுவு', 'கைவிடு', 'அடிபணி', 'வடி', 'உள்வாங்கு' என நம்மிடம் எத்தனை வினைகள்! எல்லாவற்றுக்கும் 'பின்வாங்கு' என்ற ஒன்றையே வழங்கும் சோம்பலை நாம் விட்டால், ஆங்கிலக் கூட்டுவினைகள் ஒவ்வொன்றும் தமக்குரிய தமிழ்ச்சொல்லைத் தாமே தேடி வந்து அமரும். கலைச்சொல்லாக்கத்துக்குப் பெரும்பணி புரிந்த நம் காரைதீவுப் பெருமகனார் விபுலாநந்த அடிகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே துறைபோயவர் என்பதை இம்மாவட்டத்து மாணவர் மறத்தலாகாது.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். கரடியனாற்றிலிருந்தோ வேறொரு படுவான்கரை ஊரிலிருந்தோ வரும் பிள்ளை, பயிர் கெட்ட ஆண்டில் படிப்பை நிறுத்த நேரும் நிலையில் நிற்கக்கூடும். அப்பிள்ளைக்கு 'ஃபோல் பாக் ஒன்' என்னும் தொடரின் பொருளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். அதனை வாழ்க்கையில் காட்ட வல்லவர் நீங்களே. ஒரு புத்தகமோ, ஒரு பருவத்துப் பயணச்செலவோ, மாலை வேளையில் ஒரு மணிநேரப் பாடமோ அதற்குப் போதும். யூபிலி காணும் கல்லூரி, தன் பிள்ளைகள் இடருற்ற காலத்தில் வந்து சாரும் சுவராக என்றும் நிலைத்து வாழ்க!